பிடியரிசிக் கஞ்சி

தபசு காலம் வந்துவிட்டால் எங்க அம்மா உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து மூலைக் கலயத்தில் போட்டுவிடுவாள். சாம்பல் புதனில் தொடங்கி பெரிய வெள்ளி வரைக்கும் அது நடக்கும். 'நம்மைவிட இல்லாதவங்களுக்கு' என்பாள். தெருவில் எல்லா வீட்டிலும் அந்தக் கலயம் உண்டு. பெரிய வெள்ளியன்று எல்லாவற்றையும் கோயில் வாசலில் ஒன்றாகக் கொட்டிக் கஞ்சி காய்ச்சுவோம். இல்லாதவங்க வரட்டும் என்று காத்திருப்போம். ஒருத்தரும் வரமாட்டார்கள். எங்களைவிட இல்லாதவர்கள் அந்த வட்டாரத்தில் யார் இருந்தார்கள்? கடைசியில் நாங்களே சட்டியை நீட்டிக் குடித்துவிட்டு, தர்மம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போவோம்.

ஆட்சி மாறிவிட்டது, இனிமேல் ஏழைக்கு நல்ல காலம்தான் என்று மைக் கட்டிப் பேசிவிட்டுப் போன சமயம் அது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் எங்கள் வயல்காட்டுக்கு அந்த நல்ல காலம் இன்னும் வந்து சேரவில்லை. அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் பிந்தி வந்தது. அறுப்பும் பிந்தி, தபசு காலத்தில் வந்து விழுந்தது. கூலி நெல்லைக் கொஞ்சம் கூடுதலாக அளக்கச் சொல்லி எங்கள் தெரு முழுக்க அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு உட்கார்ந்தது. அப்பாவைத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, செங்கொடியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

ஒரு வேளை உலை வைப்பதே பெரும்பாடு. அதிலும் அம்மா பிடியரிசி எடுத்தாள். வேப்பமரமெல்லாம் பூத்துக் கொட்டியது. பூவைப் போட ரசம்தான் இல்லை.

"அண்ணி, ஒரு பிடி குறைஞ்சா சாமி கோவிச்சுக்குமா?" என்றார் சித்தப்பா.

"சாமி கோவிச்சுக்காது தம்பி. நான் கோவிச்சுக்குவேன்."

குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள், மழையில்லாத சீமையிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்களைக் கொண்டுவந்து மிராசுதார் களத்தில் இறக்கினார்கள். நாங்கள் நட்டதை அவர்கள் அறுத்தார்கள். சித்தப்பா கத்தினது அவர்கள் காதில் விழாத தூரத்திலேயே போலீஸ்காரர்கள் எங்களை நிறுத்திவிட்டார்கள். தெருவில் எல்லாரும் அவர்களைக் கருங்காலி என்றார்கள். நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். எங்கள் காலைவிட ஒன்றும் கருப்பாக இல்லை.

பெரிய வெள்ளியன்று மணி அடிக்கக்கூடாது. மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள். சிலுவைப்பாதை முடிந்து, வெயில் உச்சிக்கு வந்தபோது கஞ்சி இறங்கியது. அண்டாவில் பாதிகூட இல்லை. சட்டியோடு வரிசையில் நிற்கிறோம், களத்துப் பக்கமிருந்து ஒரு பொம்பளை இடுப்பில் பிள்ளையோடு வந்து தள்ளி நின்றாள். கையில் ஒரு அலுமினியத் தூக்கு.

சித்தப்பா குறுக்கே போய் நின்றார். "இவளுக்கு ஊத்துனா நம்ம வாயில நாமளே மண்ணைப் போட்டுக்கிற மாதிரி. திரும்பிப் போகச் சொல்லுங்க அண்ணி."

வரிசையில் யாரோ, "அதானே, நம்ம புள்ளைங்க என்ன செய்யும்?" என்றார்கள்.

அகப்பை அம்மா கையில் இருந்தது. "இத்தனை வருஷமா இல்லாதவங்க வரலை வரலைன்னு நாமளே குடிச்சோம். இன்னைக்கு ஒருத்தி வந்துட்டா. வந்தவளைப் போயி நீ யாருன்னு கேக்கச் சொல்றீங்களா தம்பி?" என்றாள். பிறகு, "இங்க வா தாயி" என்று கூப்பிட்டுத் தூக்கு நிறைய ஊற்றினாள்.

அவள் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாவைக் கேட்டாள்: "உங்க நோம்பு எப்பக்கா முடியும்?"

"ஏன் தாயி?"

"வேதக்காரங்க நோம்புல அரிவா தொடமாட்டாங்க, நோம்பு முடிஞ்சதும் வேலைக்கு வந்துருவாங்க, அதுவரைக்கும் நீங்க அறுங்கன்னு மிராசுதாரோட காரியக்காரர் சொன்னாரு. கூலியும் எல்லாம் முடிஞ்சுதான் அளப்பாராம். சோத்துக்கு வழியில்லக்கா."

முதலில் சிரித்தது சித்தப்பாதான். சிரிப்பு அடங்காமல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "நோம்பா! வருஷம் பூரா பட்டினியிலதான் தாயி நாங்க அரிவா புடிச்சிருக்கோம்!" பிறகு ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, பிள்ளையையும் தூக்கையும் எடுத்துக்கொண்டு களத்துப் பக்கம் போனாள்.

மறுநாள் களத்தில் ஒரு அரிவாளும் எழும்பவில்லை. அன்று ராத்திரி ஈஸ்டருக்கான பாஸ்கா பூசை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது அந்த லாரி ஆட்களோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வாரம் அந்தக் காரியக்காரர், எங்கள் தெரு மண்ணை ஒருநாளும் மிதிக்காதவர், கூலி பேசுவதற்கு நடந்து வந்தார். அப்பா வர இன்னும் நாளாயிற்று, ஆனால் வந்தார்.

சித்தப்பா பேசியே ஜெயித்தார் என்று பல வருஷம் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் அவர் பேசினது பிறகுதான். அந்தப் பொம்பளை வாயைத் திறந்ததும் பிறகுதான். அம்மா ஊற்றும்போது, நம் பிழைப்பைக் கெடுக்க வந்தவள் என்பது ஒன்றுதான் அவளைப் பற்றித் தெரியும். அப்பா திரும்புவாரா என்று தெரியாது. நாளைக்கு உலை உண்டா என்றும் தெரியாது. ஊற்றினாள்.

இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? நான் அப்போது என் சட்டியில் கஞ்சி எவ்வளவு குறைந்திருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.