மேற்கு வேலியில் ஒரு கம்பி

இதை எழுத வேண்டாம் என்று மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டேன். ஆனால் வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் தன் தப்பை மட்டும் மறைத்து வைக்கலாமா?

கெங்குவார்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எனக்கு ஒரு சின்ன மாந்தோப்பு உண்டு. எல்லாம் மூன்று வயது ஒட்டு மாங்கன்றுகள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால்... பதினெட்டுக் கன்றுக்குத் தலையே இல்லை! கடமான் இறங்கியிருக்கிறது. கொழுந்தைத் தின்றது போதாதென்று கொம்பை உரசிப் பட்டையையும் கிழித்துவிட்டுப் போயிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தோப்பைப் பார்த்துக்கொள்கிற பாண்டியம்மா அழவில்லை. ஒவ்வொரு கன்றாகக் குனிந்து பார்த்தார்.

"ஒட்டுக் கட்டுன எடத்துக்கு மேல ஒரு சாண் பச்சை இருக்குண்ணே. கிழிஞ்சத நறுக்கி விட்டா துளுத்துரும். ஒட்டுக்குக் கீழ வர்றத மட்டும் விட்ரக் கூடாது. அது வெறும் காட்டு மரமாப் போயிரும்."

சொன்ன கையோடு கத்தரியை எடுத்தார். நசுங்கிய கிளைகளை நல்ல கணு வரைக்கும் சாய்வாக வெட்டி, வெட்டிய இடத்தில் மருந்துப் பசை தடவினார். அடுத்தது சேலை வேலி. எங்கள் பக்கம் பழைய சேலைகளைக் கம்புகளுக்கு நடுவே நீளமாகக் கட்டிவிடுவோம். காற்றில் ஆடினால் மான் மிரளும். தன் வீட்டிலிருந்தே நாலு சேலை கொண்டுவந்து, மேற்குப் பக்கம் முழுக்கக் கட்டி முடித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

மறுநாள் சாயங்காலம் பக்கத்துத் தோப்பு செல்லத்துரை வந்தான்.

"சேலைக்கெல்லாம் மான் பயப்படுமாக்கும்? மோட்டார் ரூம்ல இருந்து ஒரு கம்பிய இழுத்துருவோம் மாப்ளே. ஒரு தடவ அடி வாங்குனா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காது. விடியமுன்ன நானே வந்து ஆஃப் பண்ணிர்றேன்."

குற்றம் என்று தெரியும். ஜெயில் என்றும் தெரியும். காட்டு உயிர்கள் மேல் கருணை வேண்டும் என்று இதே பக்கத்தில் உருகி உருகி எழுதியவன் நான். ஆனாலும் அந்தக் கன்றுகள் கண்ணிலேயே நின்றன. மோட்டார் ரூம் சாவியை எடுத்துக் கொடுத்தேன். சேலை கட்டிய அதே கம்புகளில் கம்பியும் ஓடியது. நாளை ஞாயிறு, பாண்டியம்மா வரமாட்டார் என்று நினைத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு போன் அடித்தது. பாண்டியம்மா!

"அண்ணே, ஆறு கன்னுக்குப் பசை தடவாம விட்டுட்டேன். வெயிலு ஏறுமுன்ன தடவிருவோம்னு தோப்புக்கு வந்தேன். மேக்க ரெண்டு சேலை அவுந்து கெடக்கு... எடுத்துக் கட்டிர்றேன்."

"தொடாத பாண்டியம்மா!" என்று கத்தினேன். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. செல்லத்துரைக்கு அடித்தேன். முழு ரிங்கும் போய் நின்றது. மறுபடி... மறுபடி... சட்டைகூடப் போடாமல் பைக்கை எடுத்தேன். வீட்டிலிருந்து தோப்புக்குப் பத்து நிமிஷம். பனியில் நனைந்த சேலை, ஈரத் தரை — இரண்டும்தான் மனசுக்குள் ஓடின. பாண்டியம்மாவுக்குச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலை செய்கிற பழக்கம். வீட்டில் பத்தாவது படிக்கிற மகள். வழியில் இருந்த ஒரு சாமியையும் விட்டுவைக்காமல் கும்பிட்டேன்.

வேலியோரம் யாரும் இல்லை. ஒரு சேலை மட்டும் தரையில் கிடந்தது. பைக்கோடு சாய்ந்தேன்.

"இங்கன இருக்கேன்."

மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். சேலையை எடுக்கக் குனிந்தபோது, கம்பிக்குக் கீழே ஒரு முயல் விறைத்துக் கிடந்தது கண்ணில் பட்டிருக்கிறது. அப்படியே பின்வாங்கி, தன்னிடமிருந்த சாவியால் ரூமைத் திறந்து மெயினை இறக்கியிருக்கிறார்.

"இந்தச் செல்லத்துரை பய..." என்று ஆரம்பித்தேன்.

"அவுகளுக்குச் சாவி குடுத்தது யாரு?"

பாண்டியம்மா என்னை நேராகப் பார்த்தார்.

"மான் கடிச்ச கன்னு துளுத்துரும். நான் செத்திருந்தா, எங்கன வெட்டிவிட்டு என்னையத் துளுக்க வைப்பீக?"

அன்றைக்கே கம்பியைச் சுருட்டிவிட்டோம். இப்போது ஒவ்வொரு கன்றுக்கும் ஆள் உயரத்துக்கு வலைக் கூண்டு நிற்கிறது. பதினெட்டில் பதினாறு துளிர்த்துவிட்டன. பாண்டியம்மா வழக்கம்போல வருகிறார், வெட்டுகிறார், பசை தடவுகிறார். அந்தக் கேள்வியை மறுபடி அவர் கேட்கவில்லை.

கேட்டுத் தொலைத்தால்கூடத் தேவலை!