கொடுக்காத நிலத்துக்கு ஒரு வாழ்த்துப்பா

எங்கள் பள்ளித் தாளாளர் அறையில் ஒரு வாழ்த்துப்பா கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. சாரல் ஈரம் ஏறி ஓரமெல்லாம் பழுத்துவிட்டது. அதை எழுதியவர், இலஞ்சியில் உள்ள இந்தப் பெண்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த இங்கிலீஷ் டீச்சர். நான் தமிழ் டீச்சர்.

பழைய கிரேக்கப் புகழ்ப்பாட்டு என்றால் அவருக்கு அப்படியொரு பைத்தியம். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்ததும் ஆரம்பித்துவிடுவார். அங்கே தேர்ப்பந்தயத்தில் ஜெயித்தால் தேரை ஓட்டியவனைப் பாட மாட்டார்களாம். குதிரைகளின் சொந்தக்காரனான அரசனைத்தான் பாடுவார்களாம். "நம்ம ஊர்லயும் அதான டீச்சர் நடக்கு," என்று சீண்டுவேன். "அங்கதான் விஷயமே இருக்கு. நீ நியாயஸ்தன், வாரிக் குடுக்குதவன்னு ஊர் கூடின எடத்துல புலவன் பாடிருதான். பொறவு ராசா எப்படி மாறுவான்?" என்பார். நம் புலவர்களும் அப்படித்தான் என்று நான் விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கு நிற்பேன். ஆனாலும் ஒன்று குடைந்துகொண்டே இருக்கும். பாட்டுக்குள் தன்னைக் கட்டிப்போடுகிறார்கள் என்று அந்த அரசனுக்குத் தெரிந்திருக்குமா? டீச்சருக்கும் அது தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் தாளாளருக்கு மணிவிழா வந்தது. வாழ்த்துப்பா வழக்கம்போல் என் தலையில் விழுந்தது. பிள்ளைகள் கோ-கோ விளையாடும் மைதானத்தில் அவர் கடைகள் கட்டப் போவதாகவும் பேச்சு. குற்றாலம் சீசன் கூட்டம் அந்த வழியாகத்தான் போகும். பிள்ளைகளுக்கோ ஓடியாட வேறு இடமில்லை. வேண்டாம் என்று கேட்கப் போன விளையாட்டு டீச்சரை அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நான் எழுதுதேன், நீங்க சந்தத்த மட்டும் பாருங்க," என்று இங்கிலீஷ் டீச்சர் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்.

பெண்பிள்ளைகள் ஓடி விளையாட என்றென்றைக்கும் நிலம் விட்ட வள்ளல் என்று அவர் மேடையில் வாசித்தபோது நான் தாளாளர் முகத்தைப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு பெற்றோர்கள், பிறகு மண்டபமே தட்டியது. தாளாளர் ஒரு கணம் திருதிருவென்று முழித்துவிட்டு எழுந்து கும்பிட்டார். மேடையை விட்டு இறங்கும்போது தாழ்ந்த குரலில், "நான் எப்பம் டீச்சர் குடுத்தேன்?" என்று இங்கிலீஷ் டீச்சரிடம் கேட்டார்.

"இப்பம்தான் சார்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அந்தத் தாளைச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்கு மேலே மாட்டச் சொன்னார். கடைப் பேச்சு அதோடு அடங்கியது. புகழ் பிடித்துப்போய் மாட்டினாரா, தன் மனம் மாறிவிடக் கூடாதென்று காவலுக்கு மாட்டினாரா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போது இரண்டு பேரும் இல்லை. டிபன் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் டீச்சரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. நான் தலைமையாசிரியை ஆகிவிட்டேன்; தாளாளரின் மகன் தாளாளர் ஆகிவிட்டார். போன வாரம் அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் மைதானத்தின் வரைபடம் விரிந்திருந்தது. அதில் வரிசையாகக் கடைகள்.

"ஆண்டு விழா வருதுல்லா டீச்சர். அப்பாவுக்கு எழுதுன மாதிரி எனக்கும் ஒண்ணு வாசிச்சிருங்க," என்றார், சட்டத்தைத் திரும்பிப் பார்க்காமலே.

"எழுதுதேன் சார்," என்றேன். அறை வாசலைத் தாண்டுவதற்குள் முதல் வரி வந்துவிட்டது: தந்தை விட்ட நிலத்தில் கைவைக்காத தனயன். பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும்.