அண்ணன் சரி என்று சொன்ன கிரேன்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஓராண்டு முடிகிறது. இந்த நினைவு மலரில் குடும்பத்தின் சார்பில் யாராவது எழுத வேண்டும் என்றபோது அண்ணி என்னைக் கைகாட்டினார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

அண்ணன் பிறந்தது கல்மண்டபம் பகுதியில். அப்பா இறந்தபோது அவர் எட்டாம் வகுப்பு. படிப்பை நிறுத்திவிட்டுத் துறைமுகத்தில் பாரம் ஏற்றி இறக்கும் கலாசியாகச் சேர்ந்தார். என்னைப் பத்தாவது வரை படிக்கவைத்தார். கிரேன், புல்டோசர் எல்லாம் பிரித்துப் பூட்டும் இடத்தில் பல வருஷம் இருந்ததால், எந்த இயந்திரம் கம்பெனியிலிருந்து எப்படி வரும் என்பது அவருக்கு மனப்பாடம். பிற்பாடு, பழைய இயந்திரம் வாங்குகிற காண்டிராக்டர்கள் விலை பேசும் முன் அவரைக் கூட்டிப் போய்க் காட்டுவார்கள். ‘மிஷின் டாக்டர்’ என்று திருவொற்றியூர் வரை பெயர்.

புதுப் பெயிண்டைக் கண்டாலே அவருக்குச் சந்தேகம் வரும். சின்னச் சுத்தியால் இரும்பைத் தட்டிக்கொண்டே சுற்றி வருவார். சத்தம் மாறுகிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தேய்ப்பார். வெல்டிங்கில் விரிசல் இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து தூளில் கறுப்புக் கோடாகத் தெரியும். ஒருமுறை ஒரு புல்டோசரின் பின்பக்கம் அடைத்துவைத்திருந்த நாலு துளைகளைப் பார்த்துவிட்டு, இழுவைச் சங்கிலி பூட்டிய துளை இது, காட்டில் மரம் இழுத்த வண்டி, கியர் தேய்ந்திருக்கும் என்றார். திறந்தபோது அப்படியே இருந்தது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. தான் சரி என்று சொன்ன இயந்திரம் முதல் பாரம் தூக்குகிற அன்று, கூப்பிடாவிட்டாலும் போய்ப் பக்கத்தில் நிற்பார். சொன்னவன் நிற்க வேண்டும் என்பார்.

நான் திருவொற்றியூரில் பழைய இயந்திரங்களைச் சரிசெய்து விற்கிற ஒரு யார்டில் பெயிண்டர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அங்கே ஒரு கிரேன் வந்தது. பூம் என்கிற அதன் நீண்ட கையை யாரோ நடுவில் வெட்டி, ஆறடித் துண்டு வைத்து நீட்டியிருந்தார்கள். அதற்கு ஈடாகப் பின்னால் இரும்புக் கட்டிகளும் ஏற்றியிருந்தார்கள். ஒட்டுத் தெரியாமல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடி, இது விற்காவிட்டால் உனக்கு வேலை இல்லை என்றார் யார்டுக்காரர். மாதா கோயிலில் ஞாயிறுதோறும் மூன்று முறை வாசிக்கிற கல்யாண அறிவிப்பில், எனக்கு இரண்டாம் ஓலை வாசித்திருந்த நேரம். வேலை போனால் பெண் வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று பயந்தேன். பட்டி பார்த்தேன்.

அதை வாங்க வந்த காண்டிராக்டர் அண்ணனைக் கூட்டி வந்தார். பின்பக்கம் பார்த்ததுமே அண்ணன் நின்றுவிட்டார்.

“இன்னாடா, பின்னால எடை ஜாஸ்தியா கீது? முன்னால எங்கியாச்சும் நீட்டிக்கிறானுங்களா?”

“இல்லண்ணே. வந்ததே இப்டிதான். நான்தானே பெயிண்ட் அடிச்சேன்.”

சுத்தியைக் கையில் எடுத்தவர் என்னைப் பார்த்தார். “நீயே சொல்லிட்ட. அப்றம் இன்னா தட்றது” என்று அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். காண்டிராக்டரிடம் சரி என்றார்.

அந்த வாரமே எண்ணூரில் ஒரு கட்டட வேலையில் அந்தக் கிரேன் முதல் பாரம் தூக்கியது. அண்ணன் பக்கத்தில் நின்றார். ஒட்டு வைத்த இடத்தில் பூம் மடிந்தது. டிரைவர் தப்பினார். அண்ணனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறன்று அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று அங்கிருந்தே சொல்லியனுப்பினார். விசாரித்தவர்களிடம், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்றார்.

அதன் பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஒரு கிடங்கில் கேட் பார்க்கிற வேலைக்குப் போனார். மரக்கால் பொருத்திக்கொண்டு முதல் தடவை டீக்கடைக்கு வந்த அன்று ஒருவர், “இன்னா டாக்டரே, இந்தக் காலையாச்சும் தட்டிப் பாத்து வாங்கினியா?” என்றார். கடையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வருஷம் மஞ்சள் காமாலை கண்டு படுத்தார். எழுந்து நடக்கும்போது உறுத்தக் கூடாது என்று, ஒரு மத்தியானம் அவருடைய மரக்காலின் விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்.

“அன்னிக்குப் பட்டியும் இப்டித்தான் தேய்ச்சிருப்ப. ஒடஞ்ச எடத்துல பாத்தேன்டா. நல்ல வேல.”

உப்புத்தாளைக் கீழே வைத்தேன். “அண்ணே” என்றேன்.

“உன் பொண்டாட்டி வூட்டுக்குத் தெரிஞ்சா பேஜாரு. யார்கிட்டயும் சொல்லாத, வுடு.”

அவர் சொல்லி நான் மீறுகிற முதல் பேச்சு இது. எழுதும் முன் என் மனைவியிடமும் அண்ணியிடமும் சொன்னேன்.  அண்ணி, “எழுதிடு. அவரு கண்ணு தப்பிப்போச்சுன்னு நானும் நெனச்சிட்டேன்” என்றார்கள்.

அண்ணனைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், சாவுப் படுக்கையில் அவஸ்தைபூசுதல் கொடுக்க மழையில் நடந்து வந்த பங்குச் சாமியாருக்கும், கிடங்கில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இயந்திரம் வாங்கி விற்கிறவர்கள் இன்றைக்கும் அதை ‘டாக்டர் பார்த்து விழுந்த கிரேன்’ என்கிறார்கள். இனி அப்படிச் சொல்ல வேண்டாம். அவர் தம்பி பெயிண்ட் அடித்த கிரேன் என்று சொல்லுங்கள்.