நாலு மூலையிலும் மஞ்சள்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடமாக யோசித்துவிட்டேன். குசினி மேசையில் பேனையோடு இருப்பேன், சாமித்தட்டுப் பக்கம் பார்ப்பேன், பேனையை மூடிவிட்டு எழும்பிவிடுவேன். மனைவி இருக்கும்வரை எழுத வழியில்லை. நான் எதை எழுதினாலும் அவள்தான் முதலில் வாசிப்பாள். அவள் போன பிறகும் கை வரவில்லை. நான் ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருந்தது பாரிசுக்கு வடக்கே, ரயிலால் இறங்கிப் பிறகு பஸ் எடுக்கவேண்டிய ஒரு சிறிய நகரத்தில். நாலாம் மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம். எனக்கு வேலை பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில். மகன் கலியாணம் கட்டி இங்கிலாந்துப் பக்கம் போய்விட்டான். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான்.

2009 வைகாசியில் வன்னியிலிருந்த அவளுடைய தம்பி குடும்பத்தின் செய்தி நின்றுபோனது. தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டே நாள் கணக்காகச் சாப்பிடாமல் இருந்தாள். அடுத்த வருடம் இரண்டு சிறுநீரகமும் பழுது என்றார்கள். அதனாலேதான் வந்தது என்று வைத்தியர் சொல்லவில்லை. நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

வாரத்தில் மூன்று தரம் இரத்தம் சுத்தப்படுத்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போகும்போது எப்படியோ இறங்கிவிடுவாள். திரும்பி வரும்போதுதான் உயிர் போகும். இரண்டாம் மாடியில் இருந்த மாலி நாட்டுப் பெண் அவளுக்காகவே படி திரும்பும் இடத்தில் ஒரு கதிரை வைத்திருந்தாள். ஒருநாள் என் மனைவி அதில் இருந்துகொண்டு சொன்னாள்:

"இஞ்சருங்கோ, நான் இண்டைக்கு இதிலையே இருக்கிறன். நீங்கள் மேலை போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ."

"விசர்க் கதை கதையாதையும். என்ரை தோளிலை பிடியும்."

"உங்கடை தோளும் கிழவன் தோள்தானே."

சிரித்தாள். ஆனால் எழும்பவில்லை. நான் ஒரு படி கீழே இருந்து பிள்ளையாரைக் கூப்பிட்டேன். என்ன கேட்டேன் தெரியுமா? சுகம் கேட்கவில்லை. சுகம் வராது என்று எனக்குத் தெரியும். கீழ்வீடு ஒன்று கேட்டேன். படி இல்லாத ஒரு வாசல்.

அரசாங்க வீட்டுக்கு எப்போதோ பதிந்து வைத்திருந்தோம். வருடா வருடம் புதுப்பித்தோம். வைத்தியரின் கடிதமும் கொடுத்தோம். நகரசபையை இங்கே மெரி என்பார்கள், விண்ணப்பக் கோப்புக்கு டொசியே என்று பெயர். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பிள்ளை ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்லும். உங்கள் டொசியே இருக்கிறது ஐயா, காத்திருங்கள்.

அப்படி இருக்கும்போதுதான் 2014 இல் நகரசபைத் தேர்தல் வந்தது.

லா சப்பலில் சேலைக்கடை வைத்திருந்த ஒரு தங்கச்சி எங்கள் நகரத்திலேயே குடியிருந்தாள். சின்ன வயதில் வந்து இங்கே படித்தவள், பிரெஞ்சு தண்ணீர் மாதிரி வரும். மேயருக்கு எதிராக நின்ற அணி அவளைத் தங்கள் வேட்பாளர் பட்டியலில் நல்ல இடத்தில் போட்டிருந்தது. கடைக்குப் போய் அவளிடம் எங்கள் கதையைச் சொன்னேன்.

"அண்ணை, வீடு எடுத்துத் தருவன் எண்டு நான் பொய் சொல்லமாட்டன்," என்றாள். "ஆனா உள்ளுக்கை போனனெண்டால் அக்கான்ரை டொசியே ஏன் கிடையிலை கிடக்குது எண்டு முதல் கிழமையே கேப்பன். இப்ப அதைக் கேக்க அங்கை ஒருத்தரும் இல்லை."

எனக்கு அது போதும். இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு அவ்வளவு சொல்லவில்லை.

எங்கள் நகரத்தின் தேர்தல் பிரசாரம் எங்கள் நகரத்தில் நடக்கவில்லை, லா சப்பலில் நடந்தது. எங்கள் நகரத்தில் எல்லாரும் ஆளுக்கொரு கட்டடத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்போம். மரக்கறி வாங்க, நகை மாற்ற, மீன் வாங்க லா சப்பலுக்கு வரும்போதுதான் ஆளை ஆள் காண்பது. நான் குசினி ஏப்ரனோடு ஓடிப்போய்ப் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களைப் பிடித்துக் கதைப்பேன். எங்கள் குசினியில் கோப்பை கழுவிய பொடியன், வன்னியிலிருந்து வந்து விசா இல்லாமல் நின்றவன், என்னைச் சீண்டாமல் விடமாட்டான்.

"அண்ணை, தங்கச்சி வெண்டால் உங்களுக்கு என்ன பதவி?"

"எனக்கு ஒண்டும் வேண்டாம். உன்னைக் கோப்பை மந்திரி ஆக்கிறன்."

"எனக்கு வோட்டே இல்லை. பதவி மட்டும் தாறியள். நல்ல கட்சியண்ணை!"

முதல் சுற்றுக்கு மனைவியும் வந்தாள். அதற்காக இரண்டு நாள் படுத்து உடம்பைச் சேர்த்து வைத்திருந்தாள். பிரான்சில் வாக்குப் போடுவது எங்கள் ஊர் மாதிரிப் பெயருக்கு நேரே பெருக்கல் குறியாகப் புள்ளடி போடுவது இல்லை. மேசையில் கிடக்கும், பட்டியல் அச்சடித்த தாளை எடுத்து, மடித்து, உறைக்குள் வைத்துப் பெட்டியில் போடவேண்டும். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அவள் மகனுக்குத் தொலைபேசி அடித்தாள்.

"தம்பி, இஞ்சை புள்ளடியே இல்லையடா. வெறும் கடதாசியைப் போட்டிட்டு வாறம்."

"இஞ்சை கவுன்சில் தேர்தலுக்குப் பென்சிலாலை புள்ளடி போடுறதம்மா. நூலிலை கட்டி வைச்சிருப்பாங்கள்."

"பாருங்கோ," என்று என் பக்கம் திரும்பினாள். "இங்கிலீசுக்காரனுக்கும் புள்ளடி இருக்கு. கைபடாத கடதாசி என்னண்டு வெல்லும்?"

முதல் சுற்றில் எங்கள் அணி கொஞ்சத்தால் பின்னுக்கு நின்றது. யாருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்காததால் அடுத்த ஞாயிறு இரண்டாம் சுற்று. வியாழன் பின்னேரம் சேலைக்கடைத் தங்கச்சி எங்கள் பட்டியல் அச்சடித்த ஒரு கட்டு வாக்குத்தாளை என்னிடம் தந்தாள். "தபாலிலை வந்ததை எங்கடை சனம் விளம்பரமெண்டு எறிஞ்சுபோடும். நீங்கள் கையிலை குடுங்கோ அண்ணை. வீட்டிலையிருந்து கொண்டுபோய்ப் போடலாம், பிரச்சினை இல்லை."

அதைக் கொண்டுபோய் வீட்டில் சாமித்தட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

வெள்ளி காலை எழும்பி வந்து பார்க்கிறேன், அவள் முழுகி, ஈரத் தலையில் துவாய் கட்டிக்கொண்டு நிலத்தில் இருக்கிறாள். பக்கத்தில் வெள்ளிக் கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். ஒவ்வொரு தாளாக எடுத்து, நாலு மூலைக்கும் மோதிர விரலால் தொட்டு வைக்கிறாள். சோபா, கட்டில், கதிரை எல்லா இடமும் தாள் காயப் போட்டிருந்தது. ஊசி ஏற்றி ஏற்றிக் கயிறு மாதிரித் தடித்துப்போன கை. அந்தக் கையால்தான் வைத்தாள்.

"கலியாணக் கார்ட்டையே மஞ்சள் வைக்காமல் ஒருத்தருக்கும் நீட்டுறேல்லை," என்றாள். "இது எங்கடை வீட்டுக் காரியம். என்னாலை ஓடித் திரிஞ்சு பிரசாரம் செய்யேலாது. இதையாவது செய்யிறன். சனத்துக்குச் சொல்லுங்கோ, அங்கை மேசையிலை கிடக்கிறதைப் போடவேண்டாம், இதைத்தான் போடவேணும் எண்டு."

நான் தேங்காய் உடைத்தேன். அவள் கற்பூரம் காட்டினாள். அந்த வீட்டுக்குள் பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் ஒரு தெளிவு. தாளில் அடையாளம் வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. இரண்டு பேரும் குடியுரிமை எடுத்து வாக்குப் போடும் முதல் நகரசபைத் தேர்தல் அது.

அன்று பின்னேரம் லா சப்பலில் எங்கள் நகரத்து ஆட்கள் யாரைக் கண்டாலும் கொடுத்தேன். தங்களுடைய கட்டடத்து ஆட்களுக்கென்று கூடவும் கேட்டு வாங்கினார்கள். நகைக்கடையில் வேலை செய்பவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப்பையில் வைத்தார். ஒருவர் கேட்டார்:

"கலியாணம் ஆருக்கண்ணை?"

"மெரிக்கு."

"சீதனம்?"

"லிஃப்ட் வைச்ச வீடு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கட்டு முடிந்து வெறுங்கையோடு ரயில் ஏறியபோது, காரியம் முடிந்துவிட்டது என்றே நம்பினேன்.

ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் போய்ப் போட்டோம். அவளை மேலே ஏற்றிவிட்டு நான் வாக்கு எண்ணுவதைப் பார்க்கத் திரும்பிப் போனேன். இங்கே அது ஒளிவு மறைவில்லாத காரியம். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் மேசைகளைப் போட்டு எண்ணுவார்கள், யாரும் சுற்றி நின்று பார்க்கலாம்.

ஒரு பெண் உறையைத் திறந்தாள். தாளை விரித்தாள். மூலையை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தாள். "சோஸ் போல இருக்கிறது," என்றாள் பக்கத்தில் இருந்தவனிடம். அவன், "சாப்பிட்டுக்கொண்டே வாக்களித்திருக்கிறார்கள்," என்றான். மேசைக்குப் பொறுப்பான பெரியவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மற்றத் தாள்களோடு சேர்க்காமல் தனியாக ஒரு பக்கத்தில் வைத்தார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. அதுவும் அந்தப் பக்கம் போனது. பிறகு இன்னொன்று.

நான் பக்கத்தில் போய், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்: "ஐயா, அது அழுக்கு இல்லை. அது பிரார்த்தனை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்: "விளங்குகிறது ஐயா. ஆனால் வாக்குத்தாளில் எந்த அடையாளமும் இருக்கக்கூடாது. யார் போட்டது என்று தெரிந்துவிடும். சட்டம் அது. செல்லாது."

"என் மனைவி சுகமில்லாதவள் ஐயா."

அதற்கும் இதற்கும் என்ன தொடர்பென்று அவருக்கு எப்படித் தெரியும்? தலையை ஆட்டிவிட்டு அடுத்த உறையை எடுத்தார்.

நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். மூன்று வயதில் அம்மா கைகூப்பப் பழக்கியதிலிருந்து நான் கும்பிடாத நாள் இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக மஞ்சள் இருக்கக்கூடாது என்று சாமியைக் கும்பிட்டேன். அடுத்த உறையில் வெறும் தாளாக இருக்கட்டும். பிள்ளையாரே, அடுத்ததாவது வெறும் தாளாக இருக்கட்டும். சிலது வெறும் தாளாக வந்தது. வரும்போதெல்லாம் உயிர் வந்தது. பிறகு திரும்பவும் அந்த மஞ்சள். அவளுடைய மோதிர விரல் அடையாளம் அதில் அப்படியே இருந்தது. நெற்றியில் பொட்டு வைக்கும் அதே அளவு.

மற்றப் பள்ளிக்கூடங்களிலும் அதே கதைதான். எங்கள் அணி தோற்றது. தோற்ற வித்தியாசத்தை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். மூலையில் மஞ்சளோடு ஒதுக்கிய தாள்களைப் போட்ட சனத்துக்கு ஒரு பஸ் காணாது.

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்க முதலே உள்ளே இருந்து குரல்: "என்ன, வெண்டிட்டமே?"

"இல்லை."

பிறகு, "கனக்க வித்தியாசமோ?"

"ஓம்," என்றேன். அந்தப் பொய் எப்படி வந்ததென்று தெரியாது. வந்துவிட்டது.

"பரவாயில்லை. அடுத்தமுறை குங்குமமும் சேத்து வைப்பம்."

நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் லா சப்பலில் சேலைக்கடைக்குப் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நல்லது. அவள் கண் வீங்கியிருந்தது. இரண்டு வருட உழைப்பு அவளுக்கு.

"அண்ணை, அக்காவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"சொல்லாதேங்கோ. நானும் சொல்லமாட்டன். கடையிலை ஆரும் கதைச்சாலும் வாயைப் பொத்துவன்."

பொத்தினாள். லா சப்பலில் ஒரு விசயத்தை மறைப்பது லேசான காரியம் இல்லை. அங்கே தும்மினால் மறுகோடியில் மருந்து சொல்வார்கள். ஆனால் அந்தத் தெருவே வாயை மூடிக்கொண்டது. வெள்ளிக்கிழமைகளில் என் மனைவியைப் பார்க்க வந்த பெண்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கோப்பை கழுவிய பொடியனும் அதற்குப் பிறகு பதவி கேட்கவில்லை.

டொசியே மெரியில் கிடந்தது. தங்கச்சி வெளியில் நின்று கடிதம் எழுதிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் மாடி நாலாம் மாடியாகவே இருந்தது. கதிரை ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒன்றாகக் கூடியது. சில நாளில் நானே அவளைத் தூக்குவேன். பாரம் குறைந்துகொண்டே வந்தது. அது எனக்குச் சுகமாக இருக்கவில்லை.

அடுத்த தேர்தலுக்கு அவள் இல்லை. ஒரு காலை மூச்சு எடுக்க முடியாமல் போய், இங்கே அவசர நோயாளிக்கும் வருகிற தீயணைப்புப் படைப் பிள்ளைகள் வந்து கதிரையில் வைத்துப் பட்டி கட்டித் தூக்கினார்கள். இறங்கும்போது என்னைப் பார்த்து, "இண்டைக்குத்தான் சுகமாய் இறங்கிறன்," என்றாள். திரும்ப ஏறவில்லை.

சாமி ஏன் அப்படிச் செய்தார் என்று பலநாள் கேட்டிருக்கிறேன். இன்னும் விளக்கு வைக்கிறேன், இன்னும் கேட்கிறேன். பதில் வரவில்லை. கேட்பதை நிறுத்தினால் நான் எங்கே போவது?

அடுத்த தேர்தல் வந்தபோது லா சப்பலில் நின்று காண்பவர்களுக்கெல்லாம் சொன்னேன்: தாளைச் சாமிக்கு முன்னால் வையுங்கள், தொட்டு ஒன்றும் வைக்காதீர்கள். ஏன் என்று கேட்டார்கள். சொல்ல வாய் வரவில்லை. இதை எழுதியது அதற்காகத்தான்.

வாசித்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். அவளைப் படிக்காத பேதை என்று கூட்டிச் சொல்லவேண்டாம். வெள்ளைக்காரன் வேண்டுமென்று செய்தான் என்று கூட்டவேண்டாம், அந்தப் பெரியவர் என்னோடு மரியாதையாகத்தான் கதைத்தார். கேட்கச் சங்கடமாக இருக்கிறதென்று மஞ்சளைக் குறைக்கவும் வேண்டாம். நாலு மூலையிலும்தான் வைத்தாள். அவளுக்காக நான் கேட்டது படி இல்லாத ஒரு வாசல். அதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.