எறும்புக்கு எதிராக நான் பேசியது

வாசகப் பெருமக்களே, தங்களை நீதிபதி நாற்காலியில் அமர்த்துவதற்காக மன்னிக்க வேண்டும். நான் எறும்பைப் போற்றி ஒருமுறையும் தூற்றி ஒருமுறையும் பேசியவன். இரண்டையும் கேட்டவர் என் தாய்மாமன் ஒருவரே. அவர் சொல்லும்போது கதையில் உப்பும் மிளகாயும் கூடிவிடுகின்றன. ஆகவே நடந்ததைத் தாங்களே கேட்டு முடிவு செய்யுங்கள்.

முதற்பேச்சு மலாய் நாட்டுக் குளுவாங் நகரில், எங்கள் வாசகசாலையின் சொற்போர் மன்றத்தில் நிகழ்ந்தது. உழைப்பில் சிறந்தது எறும்பா, தேனீயா என்பது கேள்வி. நான் எறும்பின் கட்சி. "ஒற்றுமையின் ஊர்வலமே! சோம்பலின் சத்துருவே!" என்று நான் முழங்கியபோது, விருந்தினராக வந்திருந்த மாமா எழுந்து நின்று கைதட்டினார். வெற்றி எங்கள் பக்கம்.

மெர்சிங் கரைக்கு அப்பால் ஒரு சிறு தீவில், தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து மாமாவும் அத்தையும் வாழ்ந்துவந்தனர். அடுத்த விடுமுறையில் லாரியிலும் படகிலுமாக அங்கே போய்ச் சேர்ந்தேன்.

அத்தீவின் எறும்புகள் வேறு இனம். மஞ்சள் உடல், நீண்ட கால்கள். வரிசை என்பதே அவற்றுக்குக் கிடையாது. சூடுபட்டவை போலத் திசைக்கொன்றாக ஓடின. மலாய்ப் படகோட்டி அவற்றை 'செமுட் கிலா' என்றார். பைத்திய எறும்பு என்று பொருள். தம் இளமையில் அங்கே ஒன்றுகூட இல்லையென்றும், ஏதோ சரக்கோடு கரையேறியவை என்றும் சொன்னார். அவை கடிப்பதில்லை, எரிநீரைப் பீய்ச்சுகின்றன. அத்தையின் கோழிக்குஞ்சுகள் கண் அவிந்து செத்தன. புதர்களுக்கடியில் நண்டுகளின் வெற்று ஓடுகள் கிடந்தன. கடற்பறவைகள் அக்கரையில் முட்டையிடுவதையே விட்டுவிட்டன.

இத்தனைக்கும் மாமா, சனிக்கிழமைதோறும் அரிசி நொய்யில் சர்க்கரை கலந்து மரத்தடியில் தூவிவந்தார். எறும்புக்கு இடுவது புண்ணியம் அல்லவா? சனி பகவான் மகிழ்ந்தாரோ அறியேன். எறும்புகள் மிகவும் மகிழ்ந்தன.

எதிரே, கண்ணுக்கெட்டும் தொலைவில், ஆலா என்னும் கடற்பறவைகள் மொய்க்கும் இன்னொரு தீவு இருந்தது. அங்கும் தென்னை வைக்க மாமா முடிவு செய்திருந்தார். தென்னம்பிள்ளைகள் வேர்மண்ணோடும், எருமண் மூட்டைகளோடும் கரையில் காத்திருந்தன. காலையில் படகு புறப்பட வேண்டும்.

அத்தை என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, நீ பெரிய பேச்சாளியாமே? உங்க மாமாகிட்ட பேசேன். இந்தப் பிள்ளைங்களோட அந்தச் சனியனுங்களும் ஏறிடும். அங்க இருக்கிற குஞ்சுங்களுக்கும் என் கோழிங்க கதிதான்."

"நீங்க சொல்லக் கூடாதா, அத்தை?"

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து சொல்லிட்டுத்தான் இருக்கேன். மேடை போட்டுப் பேசினாத்தான் அவருக்குக் காது கேக்கும்."

மேடை கிடைத்தது. விடிந்ததும் கரையில் இருந்த ஓர் எருமண் மூட்டையின்மேல் ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களே! படகோட்டி அவர்களே! அந்நியப் படையொன்று..."

"மாப்ளே," என்று மாமா குறுக்கிட்டார், "போன மாசம் ஒற்றுமையின் ஊர்வலமேன்னு கத்தினது யாரு? வேற ஆளா?"

"அது ஊர் எறும்பு, மாமா! இதுவோ..."

வாக்கியம் அங்கேயே நின்றது. ஊர்வலம் என் வேட்டிக்குள் ஏறிவிட்டது. நான் வலக்காலை உதறினேன், இடக்காலை உதறினேன், பின்பு இரண்டையும் ஒருசேர உதற முயன்றேன்.

"அலமாக்!" என்று படகோட்டி தோப்பில் பழகிய தமிழில் கூவினார். "தம்பி ஜோகெட் டான்ஸ் ஆடுறாரு லா!"

நான் விழுந்தேன், மூட்டையும் உருண்டு கிழிந்தது. சிரித்தபடி என்னைத் தூக்க வந்த மாமா, கிழிசலைக் கண்டு குனிந்தார். உள்ளிருந்து மஞ்சள் வெள்ளம் பொங்கியது. ஒவ்வோர் எறும்பும் வாயில் ஒரு வெண்புழுவைக் கவ்விக்கொண்டு ஓடியது. முகத்தை அருகே வைத்துப் பார்த்தவரின் கண்ணில் எரிநீர் தெறித்தது.

"அடேய், பிள்ளை குட்டியோட குடிபோகக் கிளம்பிட்டானுங்கடா!"

கடல்நீரில் கண்ணைக் கழுவியபின் எதிர்த்தீவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "ஒரு பிள்ளையும் ஏத்த வேணாம். மண்ணும் வேணாம்," என்றார்.

"இதைத்தானே நானும் சொன்னேன்?" என்றார் அத்தை.

"நீ சொன்னே. ஆடலையே!"

நடுவதற்கென்று மரத்திலிருந்து புதிதாய்ப் பறித்த முற்றிய தேங்காய்களை மட்டும் கடல்நீரில் முக்கி அலசி, படகையும் கழுவி, பிற்பகலில் எதிர்த்தீவுக்குப் புறப்பட்டோம். அத்தையும் உடன் வந்தார். நாங்கள் இறங்கியதும் ஆலாக்கள் தலைக்குமேல் வட்டமிட்டுக் கூச்சலிட்டன. பாறை இடுக்கில் ஒரு குஞ்சு, பஞ்சுருண்டையாக, இரு கண்களையும் அகல விழித்து எங்களைப் பார்த்தது. அத்தை அதன் அருகே போகாமல் கைகூப்பினார்.

"கூட்டம் கூடிடுச்சு, மாப்ளே. பேசு!" என்றார் மாமா.

நான் பாறைமேல் ஏறி, முடிந்தமட்டும் குரலெடுத்துச் சொன்னேன்: "அத்தை அவர்களே! ஆலாப் பெருங்குடியினரே! ஒவ்வொரு விடுமுறையிலும் நான் வருவேன். இக்கரையில் இறங்கும் எந்தச் சாக்கையும், எந்தக் கூடையையும், என் கையால் உதறிப் பாராமல் இறக்க விடமாட்டேன். மாமாவின் மூட்டையானாலும் சரி!"