சாக்பீஸ் அண்ணனின் நீல நோட்டு

2014 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். பொறியாளர் அந்த டயர்க்கடைக்காரரை முதன்முதலாகச் சந்தித்த நேரம் இது. இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், அந்த நாளையும் நேரத்தையும் பொறியாளரே கைப்பட ஒரு நீல நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டதுதான். அதை நினைத்தால் இன்றும் அவருக்குத் தலை தானாகக் குனிந்துவிடும்.

கடைக்காரரை எல்லோரும் சாக்பீஸ் அண்ணன் என்பார்கள். வலது காதின்மேல் எப்போதும் ஒரு சாக்பீஸ் செருகியிருக்கும். பத்தொன்பது ஆண்டுகள் நெடுந்தூர லாரி ஓட்டி, முதுகு மக்கர் செய்யத் தொடங்கியதும் இறங்கிவந்து கடை வைத்தவர். தகரக் கூரை போட்ட நீண்ட அறை. ஒரு பக்கம் டயர் கழற்றும் இயந்திரம், மறுபக்கம் சக்கரத்தின் சமன் பார்க்கும் இயந்திரம். வண்டி உள்ளே வந்ததும் விலைப் பேச்சை எடுக்கமாட்டார். நான்கு டயர்களையும் சுற்றிவந்து, தேய்ந்த இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, வண்டி போகும் வழியையெல்லாம் துருவித் துருவி விசாரிப்பார்.

பொறியாளரின் வண்டி மேடு, பள்ளம், சேறு எதற்கும் அஞ்சாத நான்கு சக்கர இயக்க வண்டி. அலுவலகத்தில் சக ஊழியர் ஒருவர் தம் வண்டிக்கு முரட்டுச் சேற்று டயர் மாட்டியிருந்தார். அதன் பக்கத்தில் நிறுத்தினால் தம் வண்டி வெறுங்காலோடு விருந்துக்கு வந்ததுபோல் தோன்றியது அவருக்கு.

"மாசத்துல எத்தனை நாள் சேத்துல இறங்கும் சார்?"

"ரெண்டு நாள். மலைமேல டவர் பாக்கப் போவேன்."

"மிச்ச நாளு?"

"ஆபீஸ், கடை, மாமனார் வீடு. எல்லாம் தார் ரோடுதான்."

"அப்ப இருபத்தெட்டு நாளுக்கு டயர் வாங்குங்க, ரெண்டு நாளுக்கு வாங்காதீங்க. சேத்து டயர்ல மேல கட்டை கட்டையா பட்டன் பெருசு பெருசா இருக்கும், மண்ணைக் கவ்வும். மழையில தார் ரோட்டுல அந்தப் பிடி இருக்காது. ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு, அதைப் போடறேன்."

"பாக்கச் சப்பையா இருக்கே அண்ணே."

"பாக்கறதுக்குன்னா போட்டோ எடுத்து மாட்டிக்கலாம் சார். பஞ்சரும் ஆகாது."

காத்திருந்த வேன் ஓட்டுநர் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் பொறியாளருக்கு வீம்பு ஏறியது. சேற்று டயர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

தம் சொல்லை மீறி வாங்குகிறவர்களுக்கு அண்ணன் ஒரு விதி வைத்திருந்தார். நீல நோட்டை நீட்டினார். 'கடைக்காரர் வேண்டாம் என்றார். என் விருப்பப்படியே வாங்குகிறேன்' என்று எழுதவேண்டும். "எழுதும்போதே பாதிப்பேர் மனசு மாறிடுவாங்க" என்றார். பொறியாளர் மாறவில்லை. அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து, பருவத்தின் முதல் மழையில், தார்ச்சாலை வளைவு ஒன்றில் வண்டி வழுக்கிக்கொண்டுபோய்ப் பாலத்துக் கைப்பிடிச்சுவரில் மோதியது. வேகம் அதிகமில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த மனைவியின் வலது மணிக்கட்டு இரண்டு இடங்களில் முறிந்தது.

மருத்துவமனை நடைக்கூடத்துக்கு மனைவியின் அண்ணன் மூச்சிரைக்க வந்தார். பதினொரு சரக்கு வேன்கள் வைத்திருப்பவர்; எல்லாவற்றுக்கும் சாக்பீஸ் அண்ணனிடமே டயர் மாற்றுகிறவர்; அந்தக் கடைக்கு வழிகாட்டியவரும் அவரே.

"வண்டியைப் பாத்துட்டுத்தான் வரேன் மாப்பிள்ளை. தார் ரோட்டுல ஓட்டற வண்டிக்கு இந்த டயரை எவன் போடச் சொன்னான்?"

கட்டுப்போட்ட கையோடு மனைவியும் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பொறியாளரின் நாக்கு புரண்டது.

"கடைக்காரர்தான் மச்சான். இதுதான் நல்லதுன்னு சொன்னாரு."

மறுநாளே மச்சான் கடைக்குப் போய், நாலு பேர் முன்னிலையில் கிழிகிழியென்று கிழித்துவிட்டு வந்தார். "ஒரு வார்த்தை பேசல. தப்புப் பண்ணவன் எப்படி மாப்பிள்ளை வாயைத் திறப்பான்?" என்றார். பதினொரு வேன்களும் வேறு கடைக்குப் போயின. மச்சானின் பேச்சைக் கேட்டு இன்னும் பல வண்டிகள் போயின.

நான்கு மாதம் பொறியாளர் அந்தச் சாலையையே தவிர்த்துச் சுற்றிப் போனார். பிறகு மனம் பொறுக்காமல் ஒருநாள் கடைக்குள் வண்டியை விட்டார். சமன் பார்க்கும் இயந்திரம் நின்ற இடத்தில் தரையில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. அண்ணன் நான்கு டயர்களையும் சுற்றிவந்து கோடு போட்டார்.

"வீட்டுல அம்மாவுக்குக் கை எப்படி இருக்கு சார்?"

"பரவாயில்ல. மெஷின் எங்க அண்ணே?"

"வித்துட்டேன். சமன் பாக்க நாலு கடை தள்ளி உருட்டிட்டுப் போறேன். முதுகுக்கு உடற்பயிற்சி."

பொறியாளரால் சிரிக்க முடியவில்லை. "என் மச்சான் வந்தப்ப அந்த நோட்டைக் காட்டியிருக்கலாமே?"

அண்ணன் டயரைத் தட்டிப் பார்த்தபடியே சொன்னார்: "அது வாங்கறவங்க ஒரு தடவை யோசிக்கறதுக்காக வெச்ச நோட்டு சார். கைய ஒடிச்சுக்கிட்டு அம்மா ஆஸ்பத்திரியில இருக்கறப்ப, உங்க வீட்டுக்காரங்க முன்னாடி உங்களை நிறுத்தறதுக்கு இல்ல. நான் சொன்னா அது வம்பு. நீங்க சொன்னாத்தான் அது நிஜம்."

"நானே சொல்லிடறேன் அண்ணே. இந்த வாரமே."

"சரி சார்" என்றார். அண்ணன் முன்பு சொன்ன பொது டயரையே அன்று மாட்டிக்கொண்டு பொறியாளர் வீடு திரும்பினார்.

அந்த வாரம் மனைவிக்குக் கையில் வலி. அடுத்த வாரம் மச்சான் வீட்டில் விசேஷம். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்து விடை தேட வேண்டியிருந்தது. மனைவி இன்றும் குளிர்நாட்களில் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "அந்தக் கடைக்காரனால வந்தது" என்பாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். அவளுக்குத் தெரியாமல்தான் அந்தக் கடைக்குத் தொடர்ந்து போய்வந்தார்.

எட்டு ஆண்டுகள். காற்றுப் பார்க்க, டயர்களை இடம் மாற்ற, மறுபடி புதிதாய்ப் போட என்று எத்தனையோ முறை. ஒவ்வொரு முறையும் அண்ணன் வழக்கம்போல், "இப்ப எங்கெல்லாம் போறீங்க சார்?" என்று கேட்பார். அடுத்த கேள்வி தாம் கொடுத்த அந்த வாக்கைப் பற்றித்தான் இருக்கும் என்று பொறியாளர் அவசரமாகப் பணத்தை எடுத்து நீட்டுவார்.

முதுகு முற்றிலும் கைவிட்டதால் அண்ணன் கடையை மூடிய வாரத்திலும் பொறியாளர் போனார். நீல நோட்டு மேசைமேல், ஒரு பழைய சாக்பீஸ் பெட்டிக்கு அடியில் கிடந்தது. அண்ணன் குனிய முடியாமல் முக்காலியில் உட்கார்ந்தபடியே நான்கு டயர்களுக்கும் காற்றுப் பார்த்தார்.

"மழை வருது சார். வளைவுல பாத்துப் போங்க."

பொறியாளர் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று அன்றும் அண்ணன் கேட்கவில்லை.