ஈயம் போன அண்டா

என் தங்கை கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்கு நாங்கள் போட்ட தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாட்டில் நடந்ததைத் திருஷ்டி என்று சொல்லும் மூடர்கள் எங்கள் சொந்தத்தில் இன்னும் இருக்கிறார்கள். திருஷ்டியாம்! பெரியப்பாவின் வீம்பு என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது.

அப்பா இல்லாததால் தென்காசியில் கல்யாணத்தை நடத்தியவர் அவர்தான். சொதி வைக்கப் பெரிய பித்தளை அண்டாவை இறக்கினார். உள்ளே பூசியிருந்த ஈயம் முழுக்கத் தேய்ந்து போயிருந்தது. ஈயம் பூசுகிறவர் அப்போது எங்கள் தெருவிலேயே துருத்தி போட்டு உட்கார்ந்திருந்தார். அண்டாவை அவரிடம் கொடுங்கள் என்றேன். பெரியப்பா விடவில்லை.

"ஈயம் பூசினா உள்ள வெளுத்துப் போவும்ட்டி. புளி போட்டுத் தேச்சா தங்கமா மின்னும். பண்பொழி மாப்பிள்ளை வீட்டுக்காரன் பாக்கட்டும், நம்ம வீட்டுப் பாத்திரத்த."

"அவங்க சாப்பிட வருதாங்களா, அண்டாவுக்குள்ள எட்டிப் பாக்க வருதாங்களா?"

"வாய மூடுட்டி."

காலையிலேயே சொதி இறங்கிவிட்டது. தேங்காய்ப்பாலில் எலுமிச்சம்பழத்தைப் பரிமாறும்போது பிழிந்தால் போதும். சமையல்காரருக்கு அவ்வளவு பொறுமை ஏது? மொத்தமாகப் பிழிந்து ஊற்றிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டு ஆண்களோ குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று குளிக்கப் போய், மத்தியானம் சாய்ந்த பிறகுதான் திரும்பினார்கள். அவ்வளவு நேரமும் அந்தப் புளிப்பு வெறும் பித்தளையில் ஊறிக் கிடந்தது.

முதல் பந்தி ஆண்களுக்கு. அருவியில் குளித்த பசியில் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள்.

"என்னடே, செம்புக் காச நக்குன மாரி இருக்கு?" என்றார் ஒரு கிழவர்.

"அண்ணாச்சி வாயி அருவிக்குள்ளயே கெடக்கு போல" என்று பக்கத்தில் இருந்தவன் சிரித்தான்.

கை கழுவிய ஈரம் காய்வதற்குள் அந்தக் கிழவர் வாந்தி எடுத்தார். அடுத்தது சிரித்தவன். பிறகு ஒருவர் மாற்றி ஒருவர். மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டார்.

பெண்கள் இன்னும் சாப்பிடவில்லை. அதனால் மாமியார்க்காரிக்குக் கத்தத் தெம்பு இருந்தது.

"கால் வச்ச மறுநாளே எங்க வீட்டு ஆம்பளைய எல்லாம் சுருண்டு கெடக்காவ. இந்த ராசி எங்களுக்கு வேண்டாம். பொண்ணு இங்கனயே இருக்கட்டும்."

தாலி ஏறி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பெரியப்பாவுக்கு நடந்தது புரிந்துவிட்டது. ஆனாலும், "சாரல் தண்ணி சேந்திருக்காது" என்று இழுத்தார்.

"குளிக்கப் போகாத என் தம்பியும் வாந்தி எடுக்கானே?" என்றார் அந்த அம்மாள்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பெரியப்பா தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். மிச்சச் சொதியைக் கொட்டினேன். சொதி நின்ற மட்டத்தில் பச்சையாக வளையம் கட்டியிருந்தது. துண்டால் அதை அழுத்தித் தேய்த்துக் கொண்டுவந்து அந்த அம்மாள் முன்னால் விரித்தேன்.

"இது களிம்பு, அத்தை. ஈயம் போன அண்டாவுல எலுமிச்சையப் பிழிஞ்சு வச்சிருக்காவ. பூசச் சொன்னேன், இவுக விடல. இதுல என் தங்கச்சி ராசி எங்கன வருது?"

அவர் துண்டை மோந்து பார்த்தார். பெரியப்பா பக்கம் திரும்பினார்.

"பெரிய மனுசர் செய்யுத காரியமா அண்ணாச்சி இது? பொண்ணு மேல பழி விழுது, நீங்க பாத்துட்டு நிக்கியளே."

பெரியப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாந்தி நின்றதும் வண்டி கட்டினார்கள். மாப்பிள்ளை வெளிறிய முகத்தோடு தங்கையிடம், "ஏறு" என்றார். ஏறினாள்.

சபையில் மானத்தை வாங்கிவிட்டேன் என்று பெரியப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். சமாதானம் பேச வந்தவர்கள் அவர் காலில் விழச் சொன்னார்கள். வாந்தி எடுத்தவர்கள் காலில் அவர் முதலில் விழட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.